நல்லா சாப்பிடுறேன் மேடம்

எனக்கு முதலில் போனது பசி. எடை அதற்குப் பிறகுதான் குறைய ஆரம்பித்தது. டாக்டர் இதைச் சொல்லித்தான் ஊசி எழுதிக் கொடுத்தார். "பசி கம்மியாகும்மா, பயப்படாதீங்க" என்றார். நான்தான் அதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. நாலு இட்லி சாப்பிடும் இடத்தில் இரண்டு போதும் என்று தோன்றும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தட்டில் இட்லி இருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கை நீளவே நீளாது என்று நினைக்கவில்லை.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டி வரும் தோல் துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் மெஷினுக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். வலது முட்டியால் அதைத் தள்ளினால்தான் தோலை அழுத்திப் பிடித்திருக்கும் மெஷின் பாதம் மேலே எழும்பும். அப்போதுதான் தோலைத் திருப்ப முடியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தள்ளுகிறோம் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. என் முட்டி யோசித்திருக்கிறது.

வேலூரில் மூட்டு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தேய்ந்துவிட்டது என்றார். "இந்த எடையோட இந்த வேலைய ரொம்ப நாள் செய்ய முடியாது. எடை குறைஞ்சா வலி குறையும். ஆபரேஷன்கூடத் தேவைப்படாம போகலாம்" என்று சொல்லி, எடைக்கென்று இருக்கும் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். எனக்கு அந்த மெஷினைத் தவிர வேறு வேலை தெரியாது. பத்தாவது முடித்ததும் அதில் போய் உட்கார்ந்தவள். அந்த இடம் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவேன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன்.

இரண்டாவது டாக்டர் ஒரு அம்மா. வாரம் ஒரு ஊசி, வயிற்றில் நாமே போட்டுக்கொள்ளலாம், பேனா மாதிரி இருக்கும் என்றார். செலவை மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி ஏற்றுக்கொண்டான். "நீ விடாம போட்டுக்கோக்கா, அது போதும் எனக்கு" என்றான். கூடவே டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வாரம் ஒரு தடவை, மனசுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் வீடியோவில் பேச வேண்டும்.

"மனசுல எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

"இருக்குன்னு நான் சொல்லலியே. சாப்பாடு கம்மியாகும்போது சில பேருக்குக் கோவம் வரும், அழுக வரும். சில பேரு என்னிக்கு எதுக்காகச் சாப்பிட்டோம்னே அப்பதான் யோசிப்பாங்க. அதையெல்லாம் பேச ஒரு ஆள் வேணும். அவங்க சொல்றத வச்சுத்தான் நான் ஊசிய ஏத்தறதா நிறுத்தறதான்னு பார்ப்பேன்."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. நிறுத்துவது என்ற வார்த்தை மட்டும் என்னோடு ஆம்பூர் வரைக்கும் வந்தது.

பேசுவதற்கு இடம்தான் முதல் பிரச்சினை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "ஆட்டோல உக்காந்து பேசு. நான் மரத்தாண்ட நிக்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோவைத் தெருக்கோடியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மழைக்குப் போடும் படுதாவை இறக்கிவிடுவார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து போனை முன்சீட்டின் முதுகில் சாய்த்து வைப்பேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு உட்காருவேன். எதற்கு அப்படி என்று எனக்கே தெரியாது.

கவுன்சிலர் மேடத்துக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. மெதுவாகக் கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"தூக்கம்?"

"நல்லா தூங்குறேன் மேடம்."

"சாப்பாடு எப்படிங்க?"

"நல்லா சாப்பிடுறேன் மேடம்."

"ஊசி போட்டதுக்கப்புறம் வாந்தி, தலைசுத்தல்?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

"வேலை செய்யற இடத்துல உங்க உடம்பைப் பத்தி யாராச்சும் மனசு நோகற மாதிரி பேசுவாங்களா?"

"இல்ல மேடம். எல்லாரையும் மரியாதையா நடத்துவாங்க."

கடைசி பதிலைச் சொல்லும்போதே அது எனக்கு எங்கேயோ பழக்கப்பட்டதாக இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. மேடம் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஆடிட் என்று ஒன்று நடக்கும். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்பி, வேலை செய்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறதா, பாத்ரூம் சுத்தமா, யாராவது திட்டுகிறார்களா, கட்டாயப்படுத்தி ஓவர்டைம் வாங்குகிறார்களா என்று. அதற்கு ஒரு வாரம் முன்பே எச்.ஆர். சார் எங்களை உட்கார வைத்து எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்குவார். எங்கள் கம்பெனி மோசமில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் பழக்குவார். ஒரு வார்த்தை மாறினால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் தையல் லைனையே மூடிவிடுவார்கள் என்பார். ஆடிட் வரும்போதெல்லாம் என்னைத்தான் உள்ளே அனுப்புவார்கள். "இது ஜாஸ்தி பேசாது" என்று சூப்பர்வைசர் சொல்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. மெதுவான குரலில் கேள்வி கேட்டுவிட்டு யாராவது காத்திருந்தால், என் வாய் தானாகவே நல்லா இருக்கு மேடம் என்று சொல்லிவிடும்.

நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. அந்தப் பதில்களைத் தவிர வேறு பதில் இருக்கிறது என்பதே தோன்றவில்லை.

மேடத்திடம் போகாத விஷயங்கள் இவை. ஊசி போட்ட மறுநாள் காலையில் வாந்தி வரும். கம்பெனி பஸ்ஸில் நான் உட்கார்ந்தால், மூணு பேர் சீட்டு ரெண்டு பேர் சீட்டாகிவிட்டது என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்புறம் அந்த போண்டாக் கடை. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது. பல வருஷமாக அங்கே இரண்டு போண்டா வாங்கி, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஊசி ஆரம்பித்த பிறகும் என் கால் அங்கே போய் நின்றது. "இன்னாம்மா, ரெண்டு தானே?" என்று கடைக்காரர் பேப்பரைக் கிழிப்பார். வாங்குவேன். கையில் சூடாக இருக்கும். எண்ணெய் வாசனை வரும். அதை என்ன செய்வது என்று தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் கொடுப்பேன். "இன்னா புதுசா போண்டால்லாம்?" என்று சந்தோஷமாகத் தின்பார். அவர் தின்பதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும். உடம்பு இளைக்கிறது, முட்டிக்கு நல்லது, எல்லாம் நான் கேட்டபடிதான் நடக்கிறது. பிறகு எதற்கு அழுகை?

கவுன்சிலர் மேடத்தின் நல்ல வார்த்தையால் டாக்டரம்மா ஊசியின் அளவைக் கூட்டினார்.

அதிலிருந்துதான் மதியச் சாப்பாடு சிக்கலானது. எங்கள் லைனில் சாப்பிட உட்கார்ந்தால் டப்பா மூடியை மல்லாத்திப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மற்ற மூடிகளில் வைப்பாள். யாராவது மூடியை வைக்கவில்லை என்றால் யாரோடோ சண்டை என்று அர்த்தம். இரண்டு பேர் சண்டை போட்டால் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. மூடியைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். நான் மூடியை டப்பாவின் மேலேயே வைத்திருக்க ஆரம்பித்தேன்.

என் பக்கத்து மெஷினில் இருப்பவள் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். என்னைவிடச் சின்னவள், வாய் ஜாஸ்தி. முதல் நாள் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். அதற்கு அடுத்த நாள் கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா, யார் மேல கோவம்?"

"யார் மேலயும் இல்லம்மா."

"அப்ப மூடி?"

"வயிறு சரியில்ல."

"மூணு நாளாவா? எங்க வீட்டுக் கொழம்பு கசக்குதுன்னா சொல்லிடு, எங்க மாமியார்கிட்ட போய்ச் சொல்றேன். அவங்களும் சந்தோஷப்படுவாங்க, என் சமையலப் பத்தி அவங்க சொன்னது சரின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அன்றிலிருந்து தன் மூடியையும் என் பக்கம் வைக்காமல் அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். ஊசி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி போட்டு இளைக்கிறாள் என்று பஸ் முழுக்கப் பேச்சாகிவிடும் என்று பயம். சொல்லாததால் வேறு பேச்சு வந்தது. சர்க்கரை என்றார்கள், கட்டி என்றார்கள், வீட்டில் புருஷனோடு பேஜார் என்றும் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் ஆடிட் வந்தது. வழக்கம்போல என்னை உள்ளே அனுப்பினார்கள். நான் காலையில் எதுவும் சாப்பிடவில்லை, தலை லேசாகக் கிறுகிறுத்தது. ஏ.சி. ரூமில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மெதுவான குரல். தண்ணீரைப் பற்றிக் கேட்டார், நல்லா இருக்கு என்றேன். ஓவர்டைம் பற்றிக் கேட்டார், நம்ம விருப்பம்தான் மேடம் என்றேன். பிறகு, "மதியம் சாப்பிட டைம் பத்துதாம்மா? நல்லா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது வரவில்லை.

"சாப்பிடறதில்ல மேடம்" என்றேன்.

"ஏம்மா?"

"தெரியல மேடம். பசிக்கல. எல்லாரும் மூடிய வைக்கிறாங்க. நான் வைக்கிறதில்ல. அவளும் இப்ப வைக்கிறதில்ல."

அழ ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். "உங்களச் சாப்பிட விடாம யாராச்சும் தொந்தரவு பண்றாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அழுதுகொண்டே இல்லை என்று தலையாட்டினால் யார் நம்புவார்கள்? அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் எச்.ஆர். சார் கூப்பிட்டார். அவருக்கு வியர்த்திருந்தது.

"இன்னாம்மா இது? சோறு துன்ன விட மாட்டேன்றாங்கன்னு சொன்னியாமே?"

"நான் அப்படிச் சொல்லல சார்."

"பின்ன இன்னா சொன்ன?"

"சாப்பிடறதில்லன்னு சொன்னேன் சார்."

"ஏன் சாப்பிடறதில்ல?"

"பசிக்கல சார்."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி வருசத்துல உன்னத்தாம்மா நம்பி அனுப்பினேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் அழுதது அதற்குள் லைன் முழுக்கத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்து மெஷின்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் என்று நினைத்துப் பயந்தேன். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. "யார்கிட்ட இன்னா பேசணும்னு தெரியாதாக்கா உனக்கு? எங்கிட்ட வயிறு சரியில்லன்ற. முன்ன பின்ன தெரியாத பொம்பளகிட்ட போய் அழுவுற" என்றாள். இறங்கும் வரைக்கும் என் கையைப் பிடித்திருந்தாள்.

அவள் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகும் மண்டைக்குள் ஓடியது. ஷூவுக்காக வந்த மேடத்திடம் என் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். எனக்காக வாரா வாரம் வரும் மேடத்திடம் ஷூவுக்கான பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது எப்படி நடந்தது என்று எத்தனை யோசித்தும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. கவுன்சிலர் மேடத்திடம் நிஜத்தைச் சொன்னால் அது டாக்டரம்மாவுக்குப் போகும். டாக்டரம்மா ஊசியை நிறுத்துவார். எடை திரும்பி வரும், முட்டி போகும், மெஷின் போகும். ஒரு வார்த்தை மாறினால் ஆர்டர் போய்விடும். சொல்லாவிட்டாலோ, இந்த வாந்தியோடும் கிறுகிறுப்போடும் எத்தனை நாள் ஓட்டுவது? தம்பி போனில் கேட்டபோது நன்றாக வேலை செய்கிறது என்றுதான் அவனிடமும் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தபோதுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை. மேடம் வந்தார். எப்படி இருக்கீங்க என்றார். நல்லா இருக்கேன் மேடம் என்றேன். அந்த நேரத்தில் படுதாவைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்மணி, கையில் கறிக்கடைப் பையோடு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"பஸ் ஸ்டாண்டு போவுமா?"

"வண்டி போவாதும்மா" என்றேன்.

"போவாத வண்டில நீ இன்னாத்துக்கு உக்காந்துனு கீற?"

"போன் பேசுறேன்."

"போன் பேச ஆட்டோவா? பூவெல்லாம் வச்சிக்கினு!" என்று போனை எட்டிப் பார்த்தார். "யாரு, பொண்ணா? அழகா கீது" என்றார். அதற்குள் என் வீட்டுக்காரர் மரத்தடியிலிருந்து ஓடி வந்து அவரை இறக்கி, வேறு ஆட்டோ காட்டிவிட்டார். சீட்டில் கறிப்பையின் ஈரம் இருந்தது.

போனில் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யாருங்க அது?"

"சவாரி மேடம்."

"ஆட்டோலயா இருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"இத்தனை வாரமும் ஆட்டோலதானா?"

"ஆமா மேடம். வீட்ல பேசினா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கல மேடம்."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ, "வேற என்னெல்லாம் நான் கேக்கலீங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எச்.ஆர். சார் பதில் பழக்கியதில்லை. போண்டாக் கடையைச் சொன்னேன். ஏன் அதிலிருந்து ஆரம்பித்தேன் என்று தெரியாது. பிறகு வாந்தி, கிறுகிறுப்பு, மூடி, ஆடிட், எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. நான் இதுவரை சொன்னதெல்லாம் கம்பெனிப் பதில் மேடம் என்றேன். அவருக்கு அது உடனே புரியவில்லை; இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. "ஊசிய நிறுத்திடுவாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலீங்க. அத டாக்டர்தான் சொல்லணும். ஆனா நான் இத அவங்ககிட்ட சொல்லியாகணும்."

நிறுத்த மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவர்மேல் கோபம் வந்தது. வேலூருக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்க்கும் வரை அந்தக் கோபம் இருந்தது.

டாக்டரம்மா நிறுத்தவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார். அளவைப் பழையபடி குறைத்தார். பசி இல்லாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். எடை இனி மெதுவாகத்தான் குறையும், முட்டிக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். "முதல்லயே வாந்தின்னு சொல்லியிருந்தா ஏத்தியிருக்கவே மாட்டேனேம்மா" என்றார். சொன்னால் நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சொல்ல எனக்கு வராது.

பக்கத்து மெஷின்காரியிடம் மட்டும் ஊசி விஷயத்தைச் சொன்னேன். "ஊசியா! நான் என்னென்னமோ நெனச்சி மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேன். இப்ப ஊசிக்குக் கூழ் ஊத்தணுமா நான்?" என்றாள். பஸ்ஸில் யாருக்கும் இன்னும் தெரியாது. அவள் வாயைப் பற்றி நான் நினைத்திருந்ததும் தப்பு.

ஆடிட் அம்மா எழுதிக்கொண்டுபோனாலும் ஆர்டர் போகவில்லை. ஆனால் எச்.ஆர். சார் இப்போதெல்லாம் மதியம் சாப்பிடும் இடத்துக்கு வந்து, யாரையோ தேடுவது மாதிரி சுற்றிவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போகிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து மெஷின்காரி "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று முணுமுணுப்பாள்.

போன வாரம் மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அரைக் கரண்டி கத்திரிக்காய் வைத்தாள். சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் மேடத்திடம் இதைச் சொன்னபோது, "பசிச்சுதுங்களா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பசி இல்லை. பசி இல்லாமலும் இல்லை. அவள் வைத்ததால் சாப்பிட்டேனா, டாக்டரம்மா சொன்னதால் சாப்பிட்டேனா, எச்.ஆர். சார் பார்த்துக்கொண்டிருந்ததால் சாப்பிட்டேனா என்று பிரிக்க முடியவில்லை.

"தெரியல மேடம்" என்றேன்.

அவர் காத்திருந்தார். நானும் வேறு எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவுக்குள் சூடாக இருந்தது. வெளியே என் வீட்டுக்காரர் யாரிடமோ, "வண்டி போவாதுங்க, உள்ள ஆள் இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.